நான்கு புள்ளி எடுத்த அணி

போன இதழில் ஒரு வாசகர், "உங்களுக்குப் பிடித்த ஃபார்முலா ஒன் அணி எது?" என்று கேட்டிருந்தார். "சூப்பர் அகுரி. 38 பந்தயம் ஓடி 2008-ல் மூடிப்போன ஜப்பானிய அணி" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஃபெராரி, மெக்லாரன் என்று எத்தனையோ பெரிய அணிகள் இருக்க, பெயரே கேள்விப்படாத ஒரு அணி மேல் என்ன இவ்வளவு பாசம்?

அது பிறந்த கதைதான் முதல் காரணம். 2005 சீசன் முடிகிற சமயம். ஹோண்டா அடுத்த வருடத்துக்கு ரூபன்ஸ் பேரிக்கெல்லோவை எடுத்துக்கொள்ள, அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஜப்பானியர் டகுமா சாட்டோவுக்கு இடம் போய்விட்டது. சாட்டோ சாதாரண ஆள் இல்லை. 2004-ல் இண்டியனாபொலிஸில் மூன்றாவதாக வந்து மேடையேறியவர். ஜப்பான் ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. நவம்பரில் முன்னாள் ஓட்டுநர் அகுரி சுசுகி வந்து, நானே ஓர் அணி ஆரம்பிக்கிறேன், ஹோண்டா எஞ்சின் தருகிறது என்று அறிவித்தார்.

புது அணிகள் அப்போது 4 கோடியே 80 லட்சம் டாலர் வைப்புத்தொகை கட்ட வேண்டும். அது குறித்த நேரத்தில் போய்ச் சேரவில்லை. அடுத்த வருட அணிகள் என்று டிசம்பரில் வந்த முதல் பட்டியலில் இவர்கள் பெயரே இல்லை. விதிப்படி, இனி சேர வேண்டுமென்றால் மற்ற எல்லா அணிகளும் சம்மதிக்க வேண்டும். ஒவ்வோர் அணியிடமும் சம்மதம் வாங்கி, ஜனவரி கடைசியில்தான் அனுமதி கிடைத்தது. மார்ச் 12-ஆம் தேதி பஹ்ரைனில் முதல் பந்தயம். அன்றைக்கு கிரிட் எனும் தொடக்க வரிசையில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கார் நின்றன. ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த அணி என்ற ஒன்றே கிடையாது. வருடக்கணக்கில் ஆயத்தம் செய்துவிட்டு வருகிற விளையாட்டு இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: அகுரி சுசுகி என்றால் சுசுகி வண்டிக் கம்பெனி குடும்பமா?

இல்லை. ஜப்பானில் சுசுகி என்பது மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். இவர் ஓட்டுநராக இருந்து முதலாளி ஆனவர். 1990 அக்டோபரில் சுசுகா பந்தயத்தில் லம்போர்கினி எஞ்சின் போட்ட லோலா காரில் மூன்றாவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் மேடையேறிய முதல் ஜப்பானியர் அவர்தான். அதுவும் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால்.

கேள்வி: மியூசியத்தில் வைக்க வேண்டிய பழைய காரை வைத்து ஓட்டினார்கள் என்று என் நண்பன் சொல்கிறான். உண்மையா?

பழைய கார் என்பது உண்மை. ஏரோஸ் என்று ஒரு பிரிட்டிஷ் அணி இருந்தது. 2002-ல் பணம் இல்லாமல் மூடிப்போனது. அந்த வருடம் அவர்கள் ஓட்டிய ஏ23 என்ற காரின் சேசிஸ்கள், அதாவது நடு உடல்கள், மினார்டி அணியின் முதலாளி பால் ஸ்டாடர்ட் கையில் இருந்தன. சூப்பர் அகுரி அவற்றை வாங்கி, எஸ்ஏ05 என்று பெயர் வைத்துக் களத்தில் இறக்கியது.

நாலு வருடப் பழசு என்றால் சாலையில் ஓடும் காருக்கு ஒன்றுமில்லை. ஃபார்முலா ஒன்னில் அது ஒரு யுகம். கார்பன் ஃபைபரில் செய்த நடு உடல்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஓட்டுநர் உட்காரும் இடம், பெட்ரோல் டேங்க், முன்சக்கரக் கைகள் மாட்டும் இடம், பின்னால் எஞ்சின் கோக்கும் இடம் என்று எல்லாம் அதில் தீர்மானமாகிவிடும். 2002-ல் அதை வரைந்தவர்கள் 3 லிட்டர் வி10 எஞ்சினை மனதில் வைத்து வரைந்தார்கள். 2006-ல் விதி மாறி 2.4 லிட்டர் வி8 வந்துவிட்டது. காற்றியக்க விதிகளும் நடுவில் மாறியிருந்தன. பழைய வீட்டின் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு கூரை, படி, வயரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது மாதிரி வேலை. சுவர் எங்கே நிற்கிறதோ அதற்குத் தக்கபடிதான் மற்றதெல்லாம் அமையும்.

பலன் எப்படி இருக்கும்? பஹ்ரைனில் 57 சுற்றுப் பந்தயத்தில் சாட்டோ நாலு சுற்றுப் பின்தங்கி, 18-ஆவதாக, கடைசியாக முடித்தார். ஆனால் முடித்தார். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. ஜூலையில் ஹாக்கன்ஹைமில் திருத்திய எஸ்ஏ06 வந்தது. வருடக் கடைசியில் பிரேசிலில் அதே சாட்டோ பத்தாவதாக வந்தார்.

கேள்வி: யுஜி இடே மாதிரி ஒரு மோசமான ஓட்டுநரை எப்படிச் சேர்த்தார்கள்?

மோசமான ஓட்டுநர் என்று சொல்லாதீர்கள், அது நியாயமில்லை. 2005-ல் ஃபார்முலா நிப்பான் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தவர் அவர். ஜப்பானில் அதுதான் ஒற்றை இருக்கைக் கார்களின் உச்சப் போட்டி. முப்பது வயதுக்கு மேல், அதிகம் சோதனை ஓட்டமே இல்லாமல், தெரியாத தடங்களில், கடைசி வரிசைக் காரில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இங்கிலீஷும் அவருக்குச் சரளமாக வராது. தடத்தோரம் அணியினர் இருக்கும் பிட் சுவரிலிருந்து எஞ்சினியர் ரேடியோவில் சொல்வதை நொடியில் புரிந்துகொள்ள வேண்டிய தொழில் இது.

நாலாவது பந்தயம், இமோலா. முதல் சுற்றிலேயே கிறிஸ்டியன் ஆல்பர்ஸின் காரில் இடே மோதினார். ஆல்பர்ஸ் கார் உருண்டது. நல்லவேளை, அவருக்கு அடி படவில்லை. மே மாதம் இடேயின் சூப்பர் லைசென்ஸை, அதாவது ஃபார்முலா ஒன் ஓட்டும் அனுமதியை, திரும்ப வாங்கிவிட்டார்கள். அது சரியான முடிவுதான், மற்றவர் உயிரும் இருக்கிறதே. ஆனால் பொறுப்பு அவர் ஒருவர் மேல் மட்டும் விழுந்ததுதான் எனக்கு இன்றும் வருத்தம். அவருக்குப் பதிலாக ஃபிராங்க் மோன்டாஞி, அப்புறம் சகோன் யமமோட்டோ வந்தார்கள்.

கேள்வி: ஃபேக்டரி இங்கிலாந்தில் இருந்ததாம். பிறகு எப்படி ஜப்பான் அணி?

லைசென்ஸ் ஜப்பானுடையது, முதலாளி ஜப்பானியர், எஞ்சின் ஜப்பானுடையது. ஃபேக்டரி மட்டும் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் லீஃபீல்ட் என்ற ஊரில். ஏரோஸ் இருந்த அதே இடம். தொழில்நுட்பத் தலைவர் மார்க் பிரஸ்டனும் முன்னாள் ஏரோஸ்காரர். ஃபார்முலா ஒன் தெரிந்த மெக்கானிக், பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை எல்லாம் இங்கிலாந்தின் அந்தப் பகுதியில்தான் அதிகம் கிடைக்கும். டொயோட்டாகூட ஜெர்மனியில் கொலோனில் இருந்துதான் ஓட்டியது.

ஜப்பானிலேயே செய்து பார்த்தவர்களும் உண்டு. கியோட்டோவில் இருந்த கோஜிமா எஞ்சினியரிங் 1976-ல் ஃபூஜி பந்தயத்துக்குச் சொந்தமாகக் கார் கட்டியது. மசாஹிரோ ஹசேமி அதைத் தகுதிச் சுற்றில் பத்தாவது இடத்துக்குக் கொண்டுபோனார். உலகம் சுற்றும் அணியாக அது வளரவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுத ஆசை.

கேள்வி: இந்த அணியின் பந்தயங்களில் ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2007 ஜூன் 10, மாண்ட்ரியல்.

அந்த வருடம் கார் மாறியிருந்தது. ஹோண்டாவின் 2006 காரை அடிப்படையாக வைத்து எஸ்ஏ07. ஆஸ்திரேலியாவில் முதல் தகுதிச் சுற்றிலேயே சாட்டோ பத்தாவது, புதிதாகச் சேர்ந்த ஆன்டனி டேவிட்சன் பதினொன்று. ஹோண்டாவின் சொந்தக் கார்கள் இரண்டும் இவர்களுக்குப் பின்னால். மே மாதம் பார்சிலோனாவில் சாட்டோ எட்டாவதாக வந்து அணியின் முதல் புள்ளியை எடுத்தார். அப்போது முதல் எட்டுப் பேருக்குத்தான் புள்ளி. எட்டாவதுக்கு ஒன்று, ஆறாவதுக்கு மூன்று.

மாண்ட்ரியலில் அன்றைக்கு ஒரே களேபரம். ராபர்ட் குபிட்சா என்ற ஓட்டுநரின் பயங்கர விபத்து, எல்லோரையும் மெதுவாக ஓட்டவைக்கும் சேஃப்டி கார் நாலு முறை. டேவிட்சன் ஒரு கட்டத்தில் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தார், தடத்தில் குறுக்கே வந்த மர்மோட் என்ற அணில் இனப் பிராணி மேல் மோதி முன் இறக்கை உடைந்தது. அவர் அதை பீவர் என்று நினைத்தாராம். பிட்டுக்குப் போய்த் திரும்பியதில் எல்லாம் போச்சு, பதினொன்றாவதாக முடித்தார். மூன்றாவது இடத்தில் அந்தக் காரைப் பார்த்த எனக்கு அது நெஞ்சை அடைத்தது.

கடைசியில் சாட்டோ மட்டும் மிச்சம். ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவைத் தாண்டிவிட்டார். முன்னால் மெக்லாரன். உள்ளே ஃபெர்னாண்டோ அலோன்சோ, 2005, 2006 இரண்டு வருடமும் உலக சாம்பியன். சில சுற்றுகளே பாக்கி. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அந்தத் தடத்தில் கொண்டை ஊசி மாதிரியான ஹேர்பின் வளைவு முடிந்ததும் ஒரு நீண்ட நேர்பாதை. சாட்டோ ஹேர்பினை விட்டு வெளியே வரும்போதே அலோன்சோவின் பின்இறக்கைக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். முன் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் இருப்பவருக்கு வேகம் கூடும். அப்படியே இழுத்துக்கொண்டு வந்து பக்கவாட்டில் விலகினார். இரண்டு காரும் சக்கரத்தோடு சக்கரம். கடைசியில் வரும் சிக்கேன் எனும் இரட்டை வளைவுக்கு பிரேக் போடும் இடம் வந்தது. சாட்டோ முன்னால்!

கை தட்டக்கூட முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். கொடி விழும்போது சாட்டோ ஆறு, அலோன்சோ ஏழு. ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் எட்டுப் பேரை ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அந்தப் பக்கத்தில் ஆறாம் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அன்றுதான் லூயிஸ் ஹாமில்டன் தன் முதல் வெற்றியைப் பெற்றார். சரித்திரத்துக்கு அதுதான் பெரிய செய்தி. எனக்கு இது.

கேள்வி: ஹோண்டா காரையே வாங்கி ஓட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

அன்றைக்கே இந்தச் சண்டை நடந்தது. ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே உருவாக்க வேண்டும் என்பது விதி. ஸ்பைக்கர், வில்லியம்ஸ் இரண்டு அணிகளும் ஆட்சேபித்தன. வில்லியம்ஸ் தரப்பில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வரைவதிலிருந்து எல்லாவற்றையும் தன் செலவில் செய்கிறவருக்கு எரிச்சல் வரத்தானே செய்யும்? ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். அதே ஜூனில் சூப்பர் அகுரி கையில் நாலு புள்ளி, ஹோண்டா கையில் பூஜ்யம். வருடக் கடைசியில்தான் ஹோண்டா ஆறு புள்ளியோடு முந்தியது. வாங்கிய காரைச் சீர்செய்து ஓட்டவும் கை வேண்டும். அந்த நாலு புள்ளியும் கடைசிவரை பறிபோகவில்லை. 2007-ல் ஒன்பதாம் இடம்.

கேள்வி: நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஏன் மூடினார்கள்?

பணம். ஒப்புக்கொண்ட ஒரு ஸ்பான்சரிடமிருந்து 2007-ல் தொகை வந்து சேரவில்லை. அதிலிருந்து கடன்மேல் கடன். 2008 ஆரம்பத்தில் மாக்மா குழுமம் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அணியை வாங்குவதாக இருந்தது. ஏப்ரலில் அதுவும் கைவிட்டது. ஆஸ்திரேலியா, மலேசியா, பஹ்ரைன், ஸ்பெயின் என்று நாலு பந்தயம்தான் ஓடினார்கள். பார்சிலோனாவில் சாட்டோ 13-ஆவது. ஒரு வருடத்துக்கு முன் முதல் புள்ளி எடுத்த அதே தடம்.

அடுத்தது துருக்கி. அணியின் லாரிகள் இஸ்தான்புல் வரை போய்விட்டன. அணிகள் தங்கும் பேடக் வாசலில் உள்ளே விடவில்லை. லாரிக்குள் கார், டயர் ரேக், கருவிப் பெட்டி எல்லாம் தயாராக இருந்திருக்கும். வாசலுக்கு வெளியே அந்த லாரிகள் நிற்கும் போட்டோவைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. மே 6 அன்று அகுரி சுசுகி, விலகுகிறோம் என்று அறிவித்தார். டிசம்பரில் ஹோண்டாவே ஃபார்முலா ஒன்னை விட்டுப் போய்விட்டது.

கேள்வி: அவர்கள் எல்லோரும் பிறகு என்ன ஆனார்கள்?

சாட்டோ அமெரிக்கா போனார். 2017-லும் 2020-லும் இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். அதை வென்ற முதல் ஜப்பானியர். அகுரி சுசுகி மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ போட்டிக்கு மறுபடி ஓர் அணியோடு வந்தார், மார்க் பிரஸ்டனும் கூடவே. 2015 ஜனவரியில் புவெனோஸ் ஐரெஸில் அன்டோனியோ ஃபெலிக்ஸ் ட கோஸ்டா அவர்களுக்கு ஒரு வெற்றி வாங்கித் தந்தார். அப்புறம் அந்த அணி கைமாறி, டெச்சீட்டா என்ற பெயரில் சாம்பியன் பட்டங்கள் வென்றது.

கேள்வி: 38 பந்தயம் என்று எழுதியிருந்தீர்கள். நான் எண்ணிப் பார்த்தால் 39 வருகிறதே?

உங்கள் கணக்குதான் சரி. 2006-ல் 18, 2007-ல் 17, 2008-ல் 4. மொத்தம் 39. திருத்திக்கொள்கிறேன், நன்றி.