ஒற்றர் படம் நாவலாகும்போது: கேள்வி பதில்

கேள்வி: படத்தில் பார்த்ததையே நாவலாக எழுதினால் புதிதாக என்ன கிடைக்கும்?

ஜாஸ் என்ற அடியாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் எஃகுப் பல்லோடு வந்து நிற்பான். யார், எவர், ஒன்றும் தெரியாது. திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவரான கிறிஸ்டோபர் வுட்தான் நாவலையும் எழுதினார். அதில் அவன் போலந்துக்காரன், ஊர் கிராக்கோவ். ரொட்டிக் கலவரத்தில் பிடிபட்டு, தோல் சுற்றிய எஃகுத் தடிகளால் போலீஸ் அடித்ததில் தாடை நொறுங்குகிறது. தப்பி ஓடி, படத்தின் முக்கிய வில்லன் ஸ்ட்ரோம்பெர்க்கின் கப்பலில் ஒளிந்து, மாட்டிக்கொள்கிறான். ஸ்ட்ரோம்பெர்க் அவனைப் பிடித்துக் கொடுக்காமல் டாக்டரை வைத்து எஃகுத் தாடை பொருத்துகிறான். 14 அறுவை சிகிச்சை. அதோடு பேச்சும் போகிறது. படத்தில் வெறும் அடியாளாகத் தெரிந்தவன், இங்கே நன்றிக்கடன் பட்டவன்.

கேள்வி: பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங் இதே பெயரில் எழுதிய நாவல் ஏற்கெனவே இருக்கிறதே?

அது 1962-ல் வந்தது, விவியன் என்ற பெண் சொல்லும் வேறு கதை. தலைப்பை மட்டுமே படத்துக்குக் கொடுத்தார் ஃபிளெமிங். வுட்டின் நூலில் தலைப்புக்கு முன்னால் ‘ஜேம்ஸ் பாண்ட்’ என்று இருக்கும். வாங்கும்போது ஆசிரியர் பெயரைப் பாருங்கள்.

கேள்வி: முதலில் படம் பார்க்கவா, புத்தகம் படிக்கவா?

படம்.

கேள்வி: பின்கதை சொன்னால் ஜாஸ் மேலிருந்த பயம் போய்விடாதா?

படத்தில் பயம் எங்கிருந்து வருகிறது? ஜாஸாக நடித்த, ஏழடிக்கு மேல் உயரமான ரிச்சர்ட் கீல் கதவை அடைத்துக்கொண்டு நிற்பதிலிருந்து. தாளில் அந்த உடம்பு இல்லை. அந்த இடத்தை நிரப்ப எழுத்தாளனுக்கு வேறொன்று வேண்டும். வுட் வலியை வைத்தார்.

கேள்வி: அப்படியென்றால் உடம்பை நன்றாக வர்ணித்தாலே போதுமே?

போதாது. உயரத்தை எத்தனை முறை எழுதுவீர்கள்? மூன்றாவது தடவை வாசகர் தாண்டிப் போய்விடுவார். அவன் பட்ட அடி மறக்காது. ஆனால் மர்மம் குறைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது நாவல் கொடுக்கும் விலை.

கேள்வி: அப்போது படத்திலும் ஜாஸ் ஊமைதானா?

இல்லை. 1979-ல் வந்த ‘மூன்ரேக்கர்’ படத்தின் கடைசியில் பேசுகிறான். நாவலில் இருப்பதைப் படத்தின் மேல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: புத்தகம் படித்துவிட்டுப் படம் பார்க்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். படம் முதலில்.

கேள்வி: கடைசியாக நாவலான பாண்ட் படம் எது?

2002-ன் ‘டை அனதர் டே’. எழுதியவர் ரேமண்ட் பென்சன்.

கேள்வி: வில்லன் சரி, ஒற்றர்களின் மனம் நாவலில் ஆழமாகுமா?

அங்கேதான் எனக்கு நாவல் பிடிக்கும். ஒற்றரின் தொழிலே மறைப்பது. அதே 1977 படத்தில், தன் காதலனைக் கொன்றவன் பாண்ட் என்று சோவியத் பெண் ஒற்றர் அன்யாவுக்குத் தெரிகிறது. வேலை முடிந்ததும் உன்னைக் கொல்வேன் என்கிறாள். அப்புறமும் இருவரும் ஒன்றாக வேலை பார்க்க வேண்டும். திரையில் நமக்குக் கிடைப்பது நடிகையின் முகம் மட்டும். எழுத்தில், அவள் வாய் ‘சரி’ என்று சொல்லும்போதே மனம் நாள் குறிப்பதை ஒரே வரியில் வைக்கலாம்.