பின்னேரமானால் அணைந்துவிடும் கணினி: மதர்போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினி வாங்கி ஐந்து வருடங்கள் ஆகின்றன. உயர்தரம் படிக்கும் மகன்தான் பாவிக்கிறான். சில மாதங்களாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்து, பிறகு தானாகவே மீண்டும் தொடங்குகிறது. பகலில் தொந்தரவு குறைவு, பின்னேரத்தில்தான் அதிகம். கடையில் இரண்டு தடவை ஃபோர்மட் செய்து விண்டோஸ் போட்டுத் தந்தார்கள். சில நாட்களில் பழையபடி ஆகிவிட்டது. இப்போது மதர்போர்ட் மாற்றவேண்டும் என்கிறார்கள். யூ.பி.எஸ். வைத்துத்தான் பாவிக்கிறோம். என்ன செய்யலாம்?
- வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: எல்லா உறுப்புகளையும் இணைக்கும் அந்தப் பெரிய பலகையை, அதாவது மதர்போர்ட்டை, இப்போதைக்கு மாற்றாதீர்கள் அம்மா. ஃபோர்மட் செய்வது எங்கள் ஊரில் கணினிக்குக் கொடுக்கும் பனடோல். எந்த வருத்தத்துக்கும் முதலில் அதுதான். புதிதாகப் போட்ட விண்டோஸிலும் அதே கோளாறு இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறது என்றால், விண்டோஸில் பிழை இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தேடவேண்டிய இடத்தை உங்கள் கடிதத்திலுள்ள "பின்னேரத்தில்தான் அதிகம்" என்ற சொற்களே காட்டுகின்றன. விண்டோஸுக்கு நேரகாலம் கிடையாது. வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு உண்டு.

எதையும் தொடுவதற்கு முன் மகனின் குறிப்புகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பிரதி எடுத்துவையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால், அப்போது திறந்திருக்கும் கோப்பு கெட்டுப்போகலாம். நேற்றுத் தப்பியது இன்றும் தப்பும் என்று சொல்லமுடியாது.

அடுத்ததாக, கணினி எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஓர் எழுத்தும் காட்டாமல் பட்டென்று இருண்டால் சந்தேகம் மின்சாரத்தின்மீதோ வெப்பத்தின்மீதோ விழவேண்டும். நீலத் திரை வந்து ஏதாவது எழுதிக் காட்டினால் ராம் (தற்காலிக நினைவகம்), டிரைவர் (உறுப்புகளை இயக்கும் மென்பொருள்), டிஸ்க் என்ற பக்கம் போகவேண்டும். (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பாக வரும். எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.) திரை அப்படியே உறைந்து, சுட்டி அசையாமல், டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் டிஸ்க்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை.

இலங்கையில் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். அதில் 6 சதவீதம் கூடக் குறைய, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை, இருக்கலாம் என்பது விதி. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சப் பாவனை நேரம் என்று வகுக்கப்பட்டிருக்கும் வேளை. ட்ரான்ஸ்ஃபோர்மருக்குத் தூரமாக, ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் வீடுகளில் அந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அதோடு எங்கள் வீடுகளில் கிணற்று மோட்டாரும் இருக்கிறது. மோட்டார் தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தொட்டி நிரப்ப மோட்டாரைப் போட்டதும் அறை விளக்கு ஒரு தரம் மங்கி எழுகிறதா? கணினி அணைவதும் அந்த நேரத்திலா? ஒரு கிழமைக்கு மேசையில் ஒரு கொப்பியை வைத்து, அணையும் ஒவ்வொரு தடவையும் நேரத்தையும், அப்போது வீட்டில் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, கேத்தில் என்று எது ஓடியது என்பதையும் மகன் எழுதட்டும். கடைக்காரருக்கும் இது பிறகு உதவும்.

யூ.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எப்படிப் பாதிக்கும் என்று கேட்பீர்கள். என் முதல் சந்தேகமே அந்த யூ.பி.எஸ். மீதுதான். அதற்குள் இருப்பது 12 வோல்ட் ஈய அமில பற்றரி. எங்கள் வெக்கையில் அது இரண்டு மூன்று வருடங்கள் நன்றாக உழைத்தாலே பெரிய காரியம். பற்றரி செத்தபிறகும் பச்சை விளக்கு எரியும், கணினியும் ஓடும், ஒருவருக்கும் தெரியாது. வோல்டேஜ் இறங்கும் கணத்தில் யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறும். அங்கே ஒன்றும் இல்லை, கணினி அணைகிறது. சில விநாடிகளில் மின்சாரம் சீராகிறது. மின்சாரம் வந்ததும் தொடங்கு என்று பயொஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) அமைத்திருந்தால் கணினி தானாக எழுகிறது. சுருங்கச் சொன்னால், பற்றரி செத்த யூ.பி.எஸ்., யூ.பி.எஸ். இல்லாமல் இருப்பதைவிட மோசம். கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சாதாரண பவர் சப்ளை தாங்கிக்கொள்ளக்கூடிய சிறிய இறக்கத்துக்கும் அது மாறி விழுந்துவிடும்.

சோதிப்பது சுலபம். கணினியை முறையாக அணைத்து, அதன் வயரை யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றுங்கள். அதற்குப் பதிலாக 60 அல்லது 100 வாட் பழைய இழை மின்குமிழ் பூட்டிய மேசை விளக்கைப் பொருத்தி எரியவிடுங்கள். எல்.ஈ.டி. குமிழ் வேண்டாம், அதன் சுமை போதாது. இப்போது சுவர்ச் சுவிட்சை அணையுங்கள். விளக்கு உடனே அணைந்தாலோ, ஒரு நிமிடத்துக்குள் யூ.பி.எஸ். அலறி ஓய்ந்தாலோ பற்றரி போய்விட்டது. பற்றரியை மட்டும் மாற்றலாம், முழு யூ.பி.எஸ்ஸையும் வாங்கத் தேவையில்லை. பழைய பற்றரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே ஈயம்.

விளக்கு நின்று எரிந்தால், இடி மின்னல் இல்லாத ஓரிரு பின்னேரங்களில் கணினியை நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் கொடுத்து ஓட்டிப்பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி யூ.பி.எஸ்தான். அப்படியும் அணைந்தால் அடுத்தது கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை. பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்புச் சுவிட்ச் இருந்தால், அது பழைய முறையில் செய்த மலிவான பவர் சப்ளை. வோல்டேஜ் இறங்கினால் அது சீக்கிரம் கைவிரிக்கும். அந்தச் சுவிட்சை மட்டும் தொடவேண்டாம். 115 பக்கம் தள்ளி மின்சாரம் கொடுத்தால் வெடித்துப் புகைந்துவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று ஒட்டியிருப்பவை இறக்கங்களை நன்றாகத் தாங்கும். ஐந்து வருடத்தில் உள்ளிருக்கும் கப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளைகள்) தளர்வதும் சாதாரணம். அதற்காகப் பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். மாற்றுவதென்றால், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத வீட்டுக் கணினிக்கு 450 வாட் தாராளம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காதது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ளதாகக் கேளுங்கள்.

வெப்பத்தையும் தள்ளிவிடமுடியாது. உங்கள் கணினி பகலில் குறைவாகவே அணைகிறது என்பதால் அது இரண்டாம் பட்சம், ஆனாலும் ஏப்ரல் மே வெயிலில் முதல் இடத்துக்கு வந்துவிடும். வயரைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து, புரொசஸரின் மேலிருக்கும் மின்விசிறிக்கும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளுக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். விசிறியைக் கழற்றினால் அடியில் செம்மண் நிறத்தில் ஒரு விரற்கடை தடிப்பில் தூசு படிந்து, தகடுகளின் வாயை அடைத்திருக்கும். பல்லி முட்டையும் காய்ந்த பல்லியும் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் கையால் அமுக்கும் ஊதியும் போதும். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கணினி நிலத்தில் இருந்தால் மேசைக்கு ஏற்றுங்கள், வீடு கூட்டும் தூசு முழுவதும் அதற்குள்தான் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பூப்போட்ட துணி உறையால் மூடவும் கூடாது.

இனி ஆதாரம். விண்டோஸ் தேடுபெட்டியில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாட்காட்டிபோல ஒரு பக்கம் திறக்கும். கணினி விழுந்த நாட்களில் சிவப்புப் புள்ளடி இருக்கும். மகனின் கொப்பியோடு அதை ஒப்பிடுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவைக் காட்டி, "பார்த்தீர்களா, இது மதர்போர்ட்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. அதன் விபரங்களுக்குள் போய் 'பக்செக்கோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூச்சியம் இருந்தால் நீலத் திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம் அறுந்திருக்கவேண்டும், அல்லது முழுதாக உறைந்திருக்கவேண்டும்.

நீலத் திரை எப்போதாவது வந்தால் உடனே கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். 'மெமரி மனேஜ்மென்ட்' என்ற வகைச் சொற்கள் வந்தால் ராமைக் கழற்றி, தங்கநிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். உப்புக் காற்றுள்ள ஊரில் இதுவே பல தடவை போதுமானதாக இருக்கும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப்பாருங்கள். பென் டிரைவிலிருந்து இயங்கும் மெம்டெஸ்ட் 86 என்ற இலவசச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிடலாம். டிஸ்க்கின் நிலையைப் பார்க்கக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற செயலி உண்டு. அது நீலமாக 'குட்' என்று காட்டாமல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டினால், டிஸ்க் மாற்றக் காசு ஒதுக்குங்கள்.

ஒரு விடயம் தனியாக. கடையில் போட்டுத் தந்தது விண்டோஸ் 10 என்றால், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. உரிமம் இல்லாத பிரதியைத் திறக்க வைக்கும் 'அக்டிவேட்டர்'களும், டிரைவர்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் இலவசச் செயலிகளும் கணினியில் இருக்கவே கூடாது.

இவ்வளவும் பார்த்தும் அணைந்துகொண்டே இருந்தால் மதர்போர்ட்டைச் சந்தேகிக்கலாம். புரொசஸரைச் சுற்றியுள்ள கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் வீங்கியோ, மண்ணிறமாகக் கசிந்தோ இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கடைக்குப் போனால், தங்களிடமுள்ள நல்ல பவர் சப்ளை ஒன்றைப் பூட்டி ஒரு நாள் முழுவதும் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். அதிலும் அணைந்தால் மட்டும் மதர்போர்ட்டின் விலையைப் பேசுங்கள். பழையதைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறக்கவேண்டாம்.