இகெபானா: கிளை ஏன் சாய்கிறது, பூ ஏன் வாடுகிறது?

கேள்வி: கணவரின் பணி நிமித்தமாக ஆறு மாதங்களுக்கு முன்பு டோக்கியோவின் நிஷி கசாய் பகுதிக்குக் குடிவந்தோம். எங்கள் தளத்திலேயே வசிக்கும் ஜப்பானிய மூதாட்டி ஒருவர், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி, காலணி அலமாரியின் மேல் வாரந்தோறும் ஒரு கிளையும் இரண்டு மூன்று பூக்களுமாக அழகாக வைக்கிறார். அதைப் பார்த்து எனக்கும் இகெபானா என்ற ஜப்பானிய மலர் அலங்காரக் கலையைக் கற்கும் ஆசை வந்தது. காணொளிகளைப் பார்த்து வீட்டில் முயன்றால் கிளை சாய்ந்துவிடுகிறது; பூக்கள் இரண்டே நாளில் தலை தொங்கிவிடுகின்றன. இத்தனை மரபுகளில் எதில் சேர்வது, என்னென்ன வாங்குவது, அரைகுறை ஜப்பானிய மொழியை வைத்துக்கொண்டு வகுப்பில் சமாளிக்க முடியுமா?

பதில்: எந்த மரபு என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கிளை சாய்வதையும் பூ வாடுவதையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்த ஆசிரியரிடம் சேர்ந்தாலும் முதல் சில மாதங்கள் உங்கள் கைகள் பழக வேண்டியவை இவைதான்.

சுய்பான் எனப்படும் அகன்ற, ஆழமில்லாத கலத்தில் செய்யும் மொரிபானா முறையில் தண்டுகளைத் தாங்குவது கென்சான். கனத்த ஈய அடித்தட்டில் பித்தளை ஊசிகளை நெருக்கமாக நட்டுச் செய்த கருவி அது. ‘வாள் மலை’ என்பது அந்தப் பெயரின் பொருள். பூத்தண்டை நேராக வெட்ட வேண்டும். மரக்கிளையைச் சாய்வாக வெட்ட வேண்டும். பென்சிலைவிடப் பருமனாக இருந்தால் வெட்டிய முனையைக் கத்தரியால் கீறிப் பிளந்துவிட வேண்டும். கிளை சாய்வாக நிற்க வேண்டும் என்பதற்காகச் சாய்வாகவே குத்துவதுதான் தொடக்கத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு. உங்கள் கிளை விழுவதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும். கிளையின் அடிப்பகுதியைப் பிடித்து, செங்குத்தாக நிறுத்தி, ஊசிகளின் அடிவரை இறங்கும்படி அழுத்திய பிறகே விரும்பிய பக்கம் மெல்லச் சாய்க்க வேண்டும். ஊசிகள் மரத்தைக் கவ்விக்கொள்வதைக் கையிலேயே உணரலாம். கனமான கிளை கென்சானையே தூக்கிவிட்டால், இன்னொரு கென்சானைத் தலைகீழாக எதிர்ப்பக்க விளிம்பின் மேல் கவிழ்த்து எடை கொடுங்கள். ஊசிகளுக்கிடையே நிற்காத மெல்லிய தண்டோடு வேறொரு தண்டின் சிறு துண்டைச் சேர்த்துக் கட்டினால் அது நின்றுவிடும்.

பூ வாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. காற்றில் வைத்துத் தண்டை வெட்டினால் நீரை மேலேற்றும் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு நீரில் நிறுத்தினாலும் அது பூவை எட்டுவதில்லை. ஆகவே ஆழமான வாளியில் நீர் நிரப்பி, தண்டின் முனையை நீருக்குள் மூழ்கவைத்து, அங்கேயே ஓரிரு சென்டிமீட்டர் வெட்டி, சிறிது நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். இதற்கு மிசுகிரி என்று பெயர். செவ்வந்தியைக் கத்தரியால் வெட்டாமல் நீருக்குள்ளேயே கையால் ஒடிப்பதும், ஹைட்ரேஞ்சியாவின் வெட்டுவாயில் படிகாரத் தூள் தேய்ப்பதும் ஜப்பானில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கலாகாது; அது அழுகினால் நீரே கெட்டுவிடும். கென்சானின் ஊசிகள் முழுவதும் மூழ்கும் அளவுக்கு நீர் இருக்க வேண்டும். நாள்தோறும் மாற்றவும் வேண்டும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் எந்தப் பூவும் தாங்காது.

அடுத்தது அளவு. சோகெட்சு மரபின் அடிப்படை நிமிர்நிலை அமைப்பை எடுத்துக்கொள்வோம். கலத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதன் ஒன்றரை மடங்கு நீளத்தில் ஷின் என்ற முதன்மைக் கிளை. அதில் முக்கால் பங்கு சோஎ என்ற இரண்டாம் கிளை. சோஎயில் முக்கால் பங்கு ஹிகாஎ என்ற மூன்றாம் கிளை. 30 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கலத்துக்கு இவை சுமார் 54, 40, 30 சென்டிமீட்டராக அமையும். செங்குத்திலிருந்து ஷின் ஏறக்குறைய 15 பாகையும், சோஎ 45 பாகையும், ஹிகாஎ 75 பாகையும் சாய்கின்றன; மூன்றுமே பார்ப்பவரை நோக்கி முன்புறமாக வருகின்றன. இந்த முன்புறச் சாய்வு புகைப்படங்களில் தெரிவதில்லை. காணொளியைப் பார்த்துச் செய்பவர்களின் அலங்காரம் சுவரில் ஒட்டிய படம்போலத் தட்டையாகிவிடுவதற்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. மற்ற மரபுகளில் பெயரும் விகிதமும் மாறினாலும், நீளத்தில் ஏற்றத்தாழ்வுள்ள முதன்மைத் தண்டுகளால் ஒரு வெளியை எழுப்பும் முறை பொதுவானது.

அந்த வெளியைப் பற்றி நமக்குத் தனியாக ஒரு சொல் சொல்ல வேண்டும். இடைவெளி தெரியாமல் நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரமே நல்ல சரம் என்று பழகிய கண்கள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தால் வெறும் இடத்தைக் கண்டதும் அங்கே இன்னொரு பூவைச் செருகக் கை நீள்கிறது. இகெபானாவில் அந்த வெறும் இடம்தான் கிளையின் வளைவைக் காட்டுகிறது. ஆகவே வெட்டுவதற்கு முன், கிளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வெயில் பட்டு வளர்ந்த பக்கத்தில் இலைகளின் முகம் தெரியும், அதுவே கிளையின் முன்பக்கம். பின்னர் ஒன்றன்மேல் ஒன்று விழும் இலைகளையும் குறுக்கே ஓடும் சிறு கிளைகளையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இரண்டடி பின்வாங்கிப் பாருங்கள். வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது.

வாங்க வேண்டியவை மிகக் குறைவு: ஏழெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள கனமான கென்சான் ஒன்று, சுய்பான் ஒன்று, மலர்க் கத்தரி ஒன்று. காகிதக் கத்தரி தண்டை நசுக்கிவிடும் என்பதால் கத்தரியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அதன் கைப்பிடி வடிவம் மரபுக்கு மரபு வேறுபடுவதால் ஆசிரியரைக் கேட்ட பிறகே வாங்குங்கள். கென்சானின் அடித்தட்டு ஈயம் என்பதால் தொட்ட பின் கையைக் கழுவுங்கள். சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி மரபு. மிகப் பழமையானது இகெனோபோ. கியோட்டோவின் ரொக்காகுதோ கோயிலில் தோன்றிய அந்த மரபின் துறவி செங்கெய் பூ வைத்ததைப் பற்றி 1462ஆம் ஆண்டுக் குறிப்பு இருக்கிறது. ரிக்கா, ஷோகா போன்ற பழைய வடிவங்களை முறையாகக் கற்க விரும்பினால் அதுவே இடம். மேலைநாட்டுப் பூக்கள் ஜப்பானுக்கு வந்து சேர்ந்த மெய்ஜி காலத்தில் (1868–1912) மொரிபானாவை உருவாக்கியவர் ஒஹாரா மரபைத் தோற்றுவித்த ஒஹாரா உன்ஷின். இயற்கைக் காட்சியையே கலத்துக்குள் அமைப்பதில் ஒஹாரா தனிச் சிறப்புடையது. 1927இல் தெஷிகாஹாரா சோஃபு தொடங்கிய சோகெட்சு, எங்கும் எவரும் எந்தப் பொருளைக் கொண்டும் செய்யலாம் என்ற நோக்குடையது. டோக்கியோவின் அகாசாகாவில் உள்ள அதன் தலைமையகத்தில் ஆங்கிலத்திலும் வகுப்பு உண்டு. என்னைக் கேட்டால், பெயரைவிட ஆசிரியரும் வீட்டுக்கும் வகுப்புக்கும் உள்ள தூரமுமே முக்கியம். நான்கு ரயில் மாறிப் போகும் வகுப்பு குளிர்காலத்தில் நின்றுவிடும். சேரும் முன் பயிற்சிக் கட்டணம், ஒவ்வொரு முறையும் தனியே தர வேண்டிய பூவிலை, ஒவ்வொரு நிலையையும் முடித்ததும் பெறும் சான்றிதழுக்கான தொகை ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதைக் கேட்க மறந்து பிறகு திகைப்பவர்கள் உண்டு.

மொழி பெரிய தடையாகாது. ஆசிரியர் பெரும்பாலும் பேசித் திருத்துவதில்லை. நீங்கள் செய்து முடித்ததும் வந்து ஒரு கிளையைச் சற்றுத் திருப்பி, இன்னொன்றை வெட்டி வைப்பார். என்ன மாறியது என்று பார்ப்பதுதான் பாடம். அதை முன்பக்கத் தோற்றமாகவும் மேலிருந்து பார்க்கும் தோற்றமாகவும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அதே பூக்களை ஈரச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றிரவே நோட்டைப் பார்த்து மறுபடி அமையுங்கள். வகுப்பில் செய்ததைவிட இந்த இரண்டாம் முறையில்தான் கை அதிகம் கற்கிறது.

ஆசிரியரைத் தேடுவதற்கு முன், அந்த மூதாட்டியின் கதவைத் தட்டுங்கள். ஜப்பானில் பல ஆசிரியர்கள் தங்கள் வீட்டிலேயே ஓரிரு மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்; அவர்களைப் பற்றிய விவரம் விளம்பரத்தைவிடத் தெரிந்தவர் வழியாகவே கிடைக்கிறது. “ஓஹானா, கிரேய் தெசு நே”, அதாவது “பூ அழகாக இருக்கிறது” என்று தொடங்கி, எங்கே கற்றுக்கொண்டார் என்று கேளுங்கள். ஒருவேளை அவரே ஓர் ஆசிரியராகவும் இருக்கலாம்.