அந்த 90 சதவீதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். என் மகளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. பாஸ்டன் பக்கம் பெயர்பெற்ற ஒரு தனியார் கல்லூரியிலும் கிடைத்திருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 90 ஆயிரம் டாலர், உதவி எதுவும் இல்லை. ஆனால் அவர்களிடம் படித்து விண்ணப்பிப்பவர்களில் 90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் ஸ்கூல் கிடைக்கிறதாம். மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் பையனும் மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் ப்ரீமெட் படித்தவன் என்று எழுதியிருந்தீர்கள். எதில் சேர்க்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ரட்கர்ஸில் சேருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த 90 சதவீதம் யாரில்? பல கல்லூரிகள் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு 'கமிட்டி லெட்டர்', அதாவது கல்லூரியின் பெயரில் ஒரு சிபாரிசுக் கடிதம், கொடுக்கும். சில இடங்களில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அதைத் தரமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுவார்கள். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் 90 வரத்தானே செய்யும்? நாடு முழுக்கப் பார்த்தால், விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஓர் ஆண்டில் இடம் கிடைப்பதில்லை. அதனால் இரண்டு இடத்துக்கும் போன் செய்து கேளுங்கள்: முதலாண்டில் ப்ரீமெட் என்று வந்தவர்கள் எத்தனை பேர், கடைசியில் விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர்?

நான் இதைக் கேட்காமல்தான் என் பையனைச் சேர்த்தேன். இரண்டாம் ஆண்டு தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தவன், ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்காகக் கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் பந்துகளைக் குச்சியில் கோத்து, சாப்பாட்டு மேஜையில் மூலக்கூறு செய்துகொண்டே இருந்தான். தட்டில் சாம்பார் சாதம் ஆறிப்போனது. முந்நூறு பேர் வகுப்பு, பேராசிரியருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. அந்த ஆண்டு இரண்டு 'சி'. கல்லூரி ஆலோசகர், "வேறு துறை யோசித்துப் பார்" என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தார். அன்று இரவு அவன் போனில் பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அந்தப் பாடங்களை மறுபடி எடுத்து 'ஏ' வாங்கினான். ஆனால் விண்ணப்பங்களைத் தொகுக்கும் ஆம்காஸ், பழைய மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் ஜிபிஏ, அதாவது சராசரி, போடும். அறிவியல், கணக்குப் பாடங்களுக்குத் தனி ஜிபிஏ வேறு. இரண்டு ஆண்டு தாமதமாகத்தான் அவனுக்கு இடம் கிடைத்தது.

அப்புறம் பணம். நான்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்து முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூலே ஆரம்பிக்கிறது, அது இன்னொரு நான்கு ஆண்டு. 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். அதற்குமேல் தேவைப்பட்டால் தனியார் கடன். கையில் இருப்பதை இப்போதே கரைத்துவிடாதீர்கள்.

ரட்கர்ஸிலும் வகுப்புகள் பெரியவை. முதல் வாரத்திலேயே பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள், பின்னால் சிபாரிசுக் கடிதம் அங்கிருந்துதான் வரவேண்டும். ப்ரீமெட் என்பது மேஜர், அதாவது பட்டத்துக்கான முக்கியப் பாடம், இல்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி என்று மெடிக்கல் ஸ்கூல்கள் கேட்கும் பாடங்களை முடித்தால் போதும், மேஜர் வரலாறாகக்கூட இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே. ஏப்ரல் முடிவதற்குள் இரண்டு இடத்திலும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். வந்து என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.