நேட்டால் பதிவில் உள்ள ஊரை எங்கே தேடுவது?

வணக்கம். 1898-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன உங்கள் கொள்ளுப்பாட்டியின் பதிவில் ‘வட ஆற்காடு ஜில்லா, சந்திரகிரி தாலுகா’ என்றிருக்கிறது, வேலூர்ப் பக்கம் அலசியும் ஊர் அகப்படவில்லை என்கிறீர்கள். அகப்படாது. அது அன்றைய ஜில்லா. 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவானபோது சந்திரகிரி அதோடு போனது; இப்போது ஆந்திராவின் திருப்பதி மாவட்டம். அங்கே தேடுங்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்தை அப்படியே நம்ப வேண்டாம், காதில் விழுந்ததை எழுதியது அது. வாய்விட்டுப் படித்து, தெலுங்கு ஒலிக்கும் பொருத்திப் பாருங்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒரே கப்பலில் இரண்டு முனியம்மா வருவார்கள். காலனி எண்ணை, அதாவது ஒவ்வொருவருக்கும் பதிவில் கொடுத்த தனி எண்ணை, பிடித்துக்கொள்ளுங்கள். முன்பின் எண்களில் அதே ஊர்க்காரர் இருக்கிறார்களா என்றும் பாருங்கள், குடும்பமாகப் போனவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருப்பார்கள்.

ஐந்து வருடம் முடிந்தும் ஏன் மறுபடி ஒப்பந்தத்தில் சேர்ந்தார் என்றும் கேட்டிருந்தீர்கள். 1895 சட்டத்தைப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம். சுதந்திரமாகத் தங்கினால் வருடம் 3 பவுன் (பிரிட்டிஷ் பணம்; ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங்) வரி. ஆணுக்கு முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்குப் பாதி. மாதம் 5 ஷில்லிங் என்றால் வருடத்துக்குச் சரியாக 3 பவுன்! 1903-இல் 13 வயதுப் பெண்பிள்ளைகளையும் இந்த வரிக்குள் இழுத்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆனால் குடியேறி நிலம் வாங்கும் இந்தியர் வேண்டாம், கணக்கு அவ்வளவுதான். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் வரி ஒழிந்தது.