ஏஎன்ஏ பாசிட்டிவ். லூபஸா, ஸ்க்ளெரோடெர்மாவா என்று உறுதியாகச் சொல்ல ஒரே டெஸ்ட் உண்டா?

கிடையாது. அந்த ஒரே டெஸ்டைத் தேடி ஒன்றரை வருடம் அலைந்தவள் சொல்கிறேன். ஏஎன்ஏ என்பது நம் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்த டெஸ்ட். லூபஸ், தோல் இறுகும் ஸ்க்ளெரோடெர்மா இரண்டுமே நம் எதிர்ப்புச் சக்தி நம்மையே தாக்கும் நோய்கள்.

கோத்தகிரியில் இருக்கிறேன். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் கழுவினால் விரல் நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்து, அப்புறம் நீலம் பாரித்து, அடுப்புப் பக்கம் காட்டினதும் சிவந்து குத்தும். மலைக் குளிர், உல்லன் கிளவுஸ் போடு என்றார்கள், முதலில் பார்த்த டாக்டர் உட்பட. மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீங்கின பிறகுதான் கோவைக்கு இறங்கி ரூமட்டாலஜிஸ்டை, அதாவது இந்த மாதிரி நோய்களைப் பார்க்கும் மூட்டு டாக்டரைப் பார்த்தேன்.

ஏஎன்ஏ 1:1280, ஸ்பெக்கிள்டு. அதாவது சீரத்தை அத்தனை மடங்கு நீர்க்க வைத்தும் ஹெப்-2 என்ற, லேபில் வளர்த்த மனித செல்லின் உட்கரு மைக்ராஸ்கோப்பில் புள்ளி புள்ளியாகப் பச்சையாக ஒளிர்கிறது. உங்களுக்கு 1:80 என்றால் இப்போதே பயப்பட வேண்டாம், அந்த அளவில் நோயே இல்லாத நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் பாசிட்டிவ் வரும்.

அடுத்தது ஈஎன்ஏ, அந்த எதிர்ப்பொருள் எந்த வகை என்று பிரித்துக் காட்ட, கோடு கோடாக விழும் ஒரு ஸ்ட்ரிப். எஸ்எம் கோடு தெரிந்தால் லூபஸ் பக்கம், எஸ்சிஎல்-70 என்றால் ஸ்க்ளெரோடெர்மா, ஜோ-1 என்றால் தசை அழற்சி. எனக்கு யு1-ஆர்என்பி மட்டும் கன்னங்கரேல் என்று விழுந்திருந்தது. இந்த மூன்றும் கலந்து வருவதற்கு 1972-லேயே ஷார்ப் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு எம்சிடிடி (கலப்பு இணைப்புத் திசு நோய்) என்று பெயர் வைத்துவிட்டது. ஆனால் ஆர்என்பி லூபஸிலும் வரும், அதனால் ஸ்ட்ரிப்பை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. தசை சேதத்தைக் காட்டும் சிபிகே, சிறுநீரில் புரதம், நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தத்துக்காக எக்கோ என்ற இதய ஸ்கேன், இதெல்லாம் பார்த்து, உடம்பையும் தொட்டுப் பார்த்துத்தான் டாக்டர் என்ன நோய் என்று சொன்னார்.

நான் செய்த முட்டாள்தனம், மூன்று லேபில் ஏஎன்ஏவைத் திரும்பத் திரும்ப எடுத்தது. ஒன்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஐஎஃப்ஏ, மற்ற இரண்டும் மெஷின் எண்ணாகத் தரும் எலைசா. எண்கள் ஒத்தே போகாது, இது தெரியாமல் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்! திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது சிறுநீரும் ரத்த அணுக்களும்தான் என்று டாக்டர் திட்டினார்.

சரி, விரல் வெளுக்கும்போது போனில் படம் எடுத்து வையுங்கள். கோவை வெயிலில் போய் உட்கார்ந்தால் கை நல்ல பிள்ளையாக இருக்கும், டாக்டருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.