இணையதளத்தின் தேடுபொறி ஸ்கோர் திடீரெனக் குறைய என்ன காரணம்?

ஒருவர் கேட்ட கேள்வியில் “போன மாதம் 31 ஆக இருந்த ஸ்கோர் 24 ஆகிவிட்டது, கூகுளிலும் பின்னால் போய்விட்டோம், என்ன செய்வது” என்று இருக்கிறது. இதில் இரண்டு தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. 31, 24 என்பது மோஸ், ஏரெஃப்ஸ், செம்ரஷ் மாதிரி தளங்களை அலசும் ஏதோ ஒரு நிறுவனத்தின் கருவி 100-க்குப் போட்ட மதிப்பெண். கூகுளில் பின்னால் போனது வேறு கணக்கு. ஒன்று விழுந்தால் மற்றதும் விழும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

கருவி போடும் மதிப்பெண்ணைக் கூகுள் பயன்படுத்துவதில்லை. ஒரு காலத்தில் கூகுளே தன் டூல்பாரில் ஒரு பக்கத்தின் மதிப்பைப் பேஜ்ரேங்க் என்று 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகக் காட்டியது. 2013 டிசம்பரோடு அதைப் புதுப்பிப்பதை நிறுத்தி, 2016-ல் எடுத்தே விட்டது. அந்த வெற்றிடத்தில் வளர்ந்தவைதான் மோஸின் டொமைன் அத்தாரிட்டி, ஏரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங் எல்லாம். இவை அந்தந்த நிறுவனம் தன் சொந்த ரோபோவை அனுப்பித் திரட்டிய பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து உங்களுக்கு வரும் லிங்க்) பட்டியலை வைத்துப் போடும் உத்தேசக் கணக்குகள்.

ஏரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங்கை எடுத்துக்கொண்டால், உங்களுக்கு லிங்க் கொடுக்கும் தளங்கள் எத்தனை, அவற்றின் சொந்த ரேட்டிங் என்ன, அவை ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை தளங்களுக்கு லிங்க் கொடுக்கின்றன என்ற மூன்றும் கணக்கில் வரும். ஆகவே நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் எண் இறங்கலாம். லிங்க் கொடுத்த தளம் மூடப்பட்டிருக்கும், அல்லது அந்தப் பக்கத்தை அழித்திருப்பார்கள். லிங்க்கை நோஃபாலோ (தேடுபொறி பொருட்படுத்த வேண்டாம் என்ற குறி) ஆக்கியிருப்பார்கள். அல்லது அந்தத் தளம் கண்டவர்களுக்கெல்லாம் லிங்க் விற்க ஆரம்பித்திருக்கும். அப்போது உங்கள் பங்கு கரைந்துவிடும். அளவுகோல் மடக்கை வகையைச் சேர்ந்தது என்பதால் 20-லிருந்து 30 ஏறுவது சுலபம், 70-லிருந்து 80 ஏறுவது பெரும்பாடு. போதாக்குறைக்கு நிறுவனமே சூத்திரத்தை மாற்றும். 2019 மார்ச்சில் மோஸ் டொமைன் அத்தாரிட்டி கணக்கிடும் முறையையே மாற்றியது. அந்த மாதிரி நேரங்களில் எண் நகர்வதற்கும் கூகுள் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

சோதிக்கும் வழி எளிது. உங்கள் துறையில் இருக்கும் நான்கைந்து போட்டித் தளங்களை அதே கருவியில் போடுங்கள். அவற்றுக்கும் குறைந்திருந்தால் அளவுகோல்தான் நகர்ந்திருக்கிறது, விட்டுவிடலாம். உங்களுக்கு மட்டும் குறைந்திருந்தால் ‘இழந்த பேக்லிங்க்’ பட்டியலைத் திறந்து, நல்ல தளங்களிலிருந்து வந்தவை எவை போயின என்று பாருங்கள். பல நேரம் கோளாறு உங்கள் தரப்பிலேயே இருக்கும்: லிங்க் வந்துகொண்டிருந்த பழைய பக்கத்தை நீங்களே அழித்திருப்பீர்கள், இப்போது அங்கே ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழை. அந்த முகவரியிலிருந்து பொருத்தமான புதுப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பல் போட்டால் போதும். உள்ளூரில் வியாபாரம் செய்யும் தளத்துக்கு இந்த எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதே அதிகம் என்பது என் கருத்து.

இனி கூகுள் பக்கம். இங்கே கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். ஆனால் அதிலும் ‘சராசரி இடம்’ என்ற எண் ஆளை ஏமாற்றும். ஒரு பக்கம் ஒரே ஒரு தேடலுக்கு 3-ஆம் இடத்தில் 100 முறை தெரிகிறது என்று வையுங்கள். அடுத்த மாதம் அது புதிதாக இன்னொரு தேடலுக்கு 60-ஆம் இடத்தில் 50 முறை தெரிகிறது. சராசரி 22 ஆகிவிடும். இழந்தது ஒன்றுமில்லை, உண்மையில் பக்கம் வளர்ந்திருக்கிறது, வரைபடம் மட்டும் தலைகீழாக விழும். இதற்கு நேர் எதிரானது 2025 செப்டம்பரில் நடந்தது. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதியைக் கூகுள் எடுத்ததும், அதை வைத்து முடிவுகளைத் தோண்டிக்கொண்டிருந்த கருவிகள் பார்த்த கணக்கு கழிந்து, ஏராளமான தளங்களில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தெரிந்த தடவைகள்) சரிந்தது, சராசரி இடம் ‘முன்னேறியது’. கிளிக்கில் மாற்றமில்லை. அந்தத் தேதியைத் தாண்டி முன்பின் ஒப்பிடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே கிளிக்கிலிருந்து ஆரம்பியுங்கள். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் ஒப்பீட்டைத் தேர்ந்து, கடைசி 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு வைத்துப் பாருங்கள். பிறகு போன ஆண்டின் அதே நாட்களோடு பாருங்கள். 16 மாதத் தரவு இருக்கும். பொங்கல் கோலம் பற்றிய பக்கம் பிப்ரவரியில் விழாமல் வேறென்ன செய்யும்? போன ஆண்டும் அதே வாரத்தில் விழுந்திருந்தால் அது பருவம், கோளாறு அல்ல. அடுத்து பக்கங்களின் பட்டியலைக் கிளிக் வித்தியாசத்தின்படி வரிசைப்படுத்துங்கள். உங்கள் நிறுவனப் பெயர் வரும் தேடல்களை வடிகட்டி விலக்குங்கள். மொபைல், கணினி, நாடு என்று தனித்தனியாகப் பாருங்கள். கடைசி இரண்டு மூன்று நாள் எண்கள் முழுமையாக வந்திருக்காது, அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

வீழ்ச்சியின் வடிவம்தான் பெரிய துப்பு. ஒரே நாளில் செங்குத்தாக விழுந்தால் பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறு, அல்லது கூகுள் கொடுத்த தண்டனை. ஓரிரு வாரத்தில் படிப்படியாக இறங்கி ஒரு மட்டத்தில் நின்றால் அல்காரிதம் மாற்றம். பல மாதமாகச் சாய்ந்துகொண்டே போனால் போட்டியும் பழைய உள்ளடக்கமும்.

செங்குத்து வீழ்ச்சியில் முதல் சந்தேகம் நோஇண்டெக்ஸ், அதாவது பக்கத்தைத் தேடலில் சேர்க்க வேண்டாம் என்ற குறி. வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பகுதியின் அடியில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. சோதனைத் தளத்தில் அதை டிக் செய்து வைப்பார்கள். தளத்தை நேரலைக்கு மாற்றும்போது அதுவும் கூடவே வந்துவிடும். அடுத்தது ரோபாட்ஸ் கோப்பு, அதாவது தேடுபொறியின் ரோபோ எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு. ‘டிஸ்அலோ’ என்பதற்குப் பின் வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால் மொத்தத் தளமும் பூட்டு. இந்தக் கோப்பே இல்லாமல் 404 வந்தால் பாதகமில்லை, தடை எதுவும் இல்லை என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். ஆனால் கோப்பைக் கேட்கும்போது 500 வகைப் பிழை (சர்வர் கோளாறு) வந்தால் கூகுள் தளம் முழுக்க வருவதையே நிறுத்திவிடும். கோப்பைத் திருத்திய பிறகும் பழைய பிரதியை 24 மணி நேரம்வரை வைத்திருக்கும், உடனே மாறவில்லை என்று பதறாதீர்கள். ஒரு பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்க நினைத்து நோஇண்டெக்ஸும் போட்டு ரோபாட்ஸிலும் தடுத்தால், உள்ளே வர முடியாத கூகுளுக்கு நோஇண்டெக்ஸ் தெரியவே தெரியாது.

இதைவிடக் கண்டுபிடிக்கச் சிரமமானது ஃபயர்வால். பாதுகாப்பு ப்ளக்இன்னோ, தளத்தைப் பல சர்வர்களிலிருந்து தரும் சிடிஎன் சேவையோ ‘நீங்கள் மனிதரா’ என்று சோதிக்கும் பக்கத்தைக் கூகுளின் ரோபோவான கூகுள்பாட்டுக்கும் காட்டிவிடும். உங்கள் பிரவுசரில் தளம் நன்றாகத்தான் திறக்கும். சர்ச் கன்சோலில் முகவரியைப் போட்டு நேரடிச் சோதனை நடத்தி, கூகுளுக்குக் கிடைத்த எச்டிஎம்எல்லையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்தால்தான் தெரியும். செட்டிங்ஸில் இருக்கும் கிரால் ஸ்டாட்ஸ் அறிக்கை 90 நாளுக்குச் சர்வர் தந்த பதில்களைக் காட்டும். 500 வகைப் பிழைகள் அங்கே குவிந்திருந்தால் ஹோஸ்டிங்காரரிடம் பேச வேண்டிய நேரம். பராமரிப்புக்காகத் தளத்தை மூடுவதானால் 503 (தற்காலிகமாக இல்லை) என்ற பதிலைக் கொடுங்கள், அதுவும் ஓரிரு நாள்தான் தாங்கும். ‘விரைவில் வருகிறோம்’ என்ற பக்கத்தை 200 (எல்லாம் சரி) என்ற பதிலோடு கொடுத்தால் அதுதான் உங்கள் பக்கம் என்று கூகுள் பதிந்துகொள்ளும்.

முகவரி மாற்றம் இன்னொரு பெரிய குழி. டொமைனையோ பெர்மாலிங்க் (பக்க முகவரி) அமைப்பையோ மாற்றினால் ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு நேரான புது முகவரிக்கு 301 இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். கூகுள் அவற்றை ‘சாஃப்ட் 404’ (பக்கமே இல்லாததற்குச் சமம்) என்றே கருதும், பழைய லிங்க்குகளின் பலன் போய்விடும். திருப்பல்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ்த் தலைப்பு முகவரியாகும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் 200-ல் வெட்டிவிடுவதால் மெய்ப்புள்ளி, கால், கொம்பு எல்லாம் சேர்த்து 22 குறிதான் தாங்கும். ஒரே மாதிரி தொடங்கும் நீளத் தலைப்புகள் ஒரே முகவரியாகி, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொண்டு நிற்கும். இது பிடிக்காமல் பழைய பதிவுகளின் முகவரியை ஆங்கிலத்துக்கு மாற்றுபவர்கள் உண்டு. பதிவு என்றால் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துத் திருப்பிவிடும். ‘பேஜ்’ வகைக்கு அந்த நினைவு கிடையாது, நீங்களே 301 போட வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் முகவரி அசிங்கமாக இருந்தாலும் கை வைக்க வேண்டாம் என்பேன். புதுப் பதிவுகளுக்குச் சுருக்கமாக வைத்துக்கொண்டால் போதும்.

தீம் மாற்றிய பிறகு விழுந்ததா? மொபைல் வடிவத்தைப் பாருங்கள். கூகுள் பதிவது மொபைலில் தெரியும் பக்கத்தைத்தான். கணினியில் இருக்கும் அட்டவணையும் உள்லிங்க்குகளும் மொபைலில் விடுபட்டிருந்தால் கூகுளைப் பொறுத்தவரை அவை இல்லை. வேகத்தை எல்லோரும் முதல் காரணமாகச் சொல்வார்கள். எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடி, ஐஎன்பி (தொட்டால் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லிவிநாடி, சிஎல்எஸ் (திறக்கும்போது பக்கம் குதிக்கும் அளவு) 0.1 என்ற வரம்புகளுக்குள் இருப்பது நல்லதுதான். ஆனால் முதல் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குத் தள்ளும் பலம் அதற்கு இல்லை.

தொழில்நுட்பத்தில் ஒன்றும் சிக்கவில்லையா? சர்ச் கன்சோலில் ‘செக்யூரிட்டி அண்ட் மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியைத் திறங்கள். கூகுள் ஊழியர் ஒருவர் பார்த்துத் தண்டித்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் அப்படித் தண்டனை இல்லை. காசு கொடுத்து லிங்க் வாங்குவதுதான் பழைய குற்றம். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி நிறுவனம் இதில் மாட்டியது. முதலிடத்தில் இருந்த தேடல்களில் சில மணி நேரத்தில் 60, 70-க்குப் போனது. 2009-ல் காசு கொடுத்து வலைப்பதிவுகளில் எழுதவைத்ததற்காகக் கூகுள் தன் சொந்த ஜப்பான் தளத்தின் பேஜ்ரேங்க்கையே 9-லிருந்து 5-க்கு இறக்கியது. 2024 மார்ச்சில் பட்டியலில் மூன்று சேர்ந்தன: இயந்திரத்தை வைத்து மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வது, காலாவதியான டொமைனை வாங்கி அதன் பழைய பெயரில் பிழைப்பது, பெரிய தளத்தின் மூலையில் வெளியாள் பக்கங்களை ஏற்றுவது. ஆங்கிலக் கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு, திருத்தாமல் தமிழில் ஏற்றுபவர்கள் முதல் வகையில் விழுவார்கள்.

அதே பகுதியில் ஹேக் செய்யப்பட்ட அறிகுறியும் தெரியும். உங்கள் தளத்துக்குச் சம்பந்தமில்லாத ஜப்பானிய எழுத்துப் பக்கங்கள் தேடலில் வந்தால் சந்தேகமே வேண்டாம். சுத்தம் செய்யும்போது சர்ச் கன்சோலின் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். புகுந்தவர்கள் அங்கேயும் தங்களைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

தண்டனையும் இல்லை, தேதி மட்டும் ஒரு கோர் அப்டேட்டோடு (கூகுள் அவ்வப்போது செய்யும் பெரிய அல்காரிதம் மாற்றம்) ஒத்துப்போகிறது என்றால் அது மறுமதிப்பீடு. 2024 மார்ச் அப்டேட் பரவி முடிய 45 நாள் ஆனது, ஆகவே நடுவில் வரும் ஏற்ற இறக்கத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. முடிந்து ஒரு வாரம் கழித்து, அப்டேட்டுக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். 2-ஆம் இடம் 4 ஆனால் எதையும் கலைக்காதீர்கள். 4-ஆம் இடம் 29 ஆனால் எந்த வகைப் பக்கங்கள் விழுந்தன, அதே தேடலில் இப்போது மேலே இருப்பவர் என்ன தருகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவரிடம் நேரில் பார்த்த விவரம், விலை, சொந்தப் படம், அளவு இருக்கும். உங்களிடம் பொதுவான பத்திகள் இருக்கும். தேதியை மட்டும் மாற்றிப் ‘புதுப்பித்தது’ பயன் தராது.

இடம் அப்படியே, இம்ப்ரெஷனும் அப்படியே, கிளிக் மட்டும் குறைகிறதா? உங்கள் தரம் விழவில்லை, முடிவுப் பக்கத்தின் முகம் மாறியிருக்கிறது. இந்தியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து ஏஐ ஓவர்வியூ என்ற கூகுளின் ஏஐ சுருக்கம் மேலே உட்கார்ந்து ஒரு வரி விடைகளை அங்கேயே தந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் தேடல் முடிவின் கீழே விரியும் கேள்வி பதில் கீற்றுகளையும் அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். இப்படி ஒரு வரியில் முடிகிற தேடல்களுக்காக எழுதிய பக்கங்களைச் சரிசெய்ய முயல்வதைவிட, படித்துவிட்டு ஏதாவது செய்ய வேண்டிய தேடல்களுக்கு உழைப்பைத் திருப்புவது மேல்.

மீளும் காலமும் காரணத்தைப் பொறுத்தது. நோஇண்டெக்ஸ், ரோபாட்ஸ் கோளாறுகளைச் சரிசெய்து முக்கியப் பக்கங்களுக்கு இண்டெக்ஸிங் கோரினால் அவை சில நாளில் திரும்பும், பெரிய தளம் முழுதாகத் திரும்ப வாரங்கள் ஆகும். மேனுவல் ஆக்‌ஷன் என்றால் எதை நீக்கினீர்கள் என்று ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்க வேண்டும். பதில் வர சில நாள் முதல் சில வாரம். கோர் அப்டேட் அடி என்றால் மாதக்கணக்கு, சிலருக்கு அடுத்த அப்டேட்வரை.

இடையில் யாராவது ‘விஷ லிங்க்’ என்று பயமுறுத்தி டிஸ்அவோ கோப்பை (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் பட்டியல்) ஏற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். குப்பை லிங்க் எல்லாத் தளத்துக்கும் வரும், கூகுள் பெரும்பாலும் தானே ஒதுக்கிவிடும். லிங்க் தொடர்பான மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தாலோ, வாங்கிய லிங்க்குகளால் அது வரும் என்று தெரிந்திருந்தாலோ மட்டும் அது தேவை. அந்தக் கோப்பை ஏற்றும் கருவி, சர்ச் கன்சோலில் டொமைன் வகையாகச் சேர்த்த தளத்தில் வேலை செய்யாது, முகவரி முன்னொட்டு வகையில் தளத்தைச் சேர்த்திருக்க வேண்டும். புதிதாக ஏற்றும் கோப்பு பழையதை முழுக்க மாற்றிவிடும் என்பதால், முன்பு ஏற்றியதை இறக்கி அதன் கீழே புது வரிகளைச் சேர்த்து ஏற்றுங்கள்.